விம், ஈமாக்ஸ், விஎஸ் கோட்: உங்கள் கையால் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நிரல்களை எழுதவும் திருத்தவும் பயன்படும் எடிட்டர்களை ஒப்பிடும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. நிரலுக்கு வண்ணமிடுதல், பெயரைத் தானே நிறைவு செய்தல், கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வசதி, செருகுநிரல்கள் என்று இடப்பக்கம் வரிசையாக எழுதி, வலப்பக்கம் ‘உண்டு’, ‘இல்லை’ என்று நிரப்பிக்கொண்டே போவார்கள். இன்றைக்கு விம், ஈமாக்ஸ், விஎஸ் கோட் மூன்றுக்கும் அந்தக் கட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே ‘உண்டு’ என்றுதான் வரும். படித்து முடித்தவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. நம் வேலையில் புதிதாக எழுதும் நேரம் குறைவு. ஏற்கெனவே எழுதியதைப் படிப்பதும், ஓர் இடத்தைத் தேடிப்போய்த் திருத்துவதும், திருத்தியதைத் திரும்பப் பெறுவதுமே மிகுதி. அந்தத் திருத்தம் என்னும் செயலை ஒவ்வோர் எடிட்டரும் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதைக் கையால் செய்து பார்த்தால்தான் தெரியும். நான் பதினான்கு ஆண்டுகளாக விம் பயன்படுத்துகிறேன். நடுவில் இரண்டு ஆண்டுகள் ஈமாக்ஸுக்கு முழுதாக மாறியிருந்தேன். அலுவலகத்தில் சில திட்டங்களுக்கு விஎஸ் கோட் திறக்கிறேன். புதிதாகச் சேரும் இளையவர்களுக்கு நான் கொடுக்கும் சோதனை முறை இது. ஒரு வார இறுதியில் தொடங்கி மூன்று வாரங்களில் முடிக்கலாம்.

படி 1: எவற்றை ஒப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இவை ஒவ்வொன்றின் பிறப்பையும் அறிந்தால் பின்னால் வரும் பல விசித்திரங்களுக்குக் காரணம் புரியும்.

விம்மின் மூதாதையான விஐ, 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதியது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்று டேப் விசை இருக்கும் இடத்தில், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இணைப்போ நொடிக்கு 300 பிட் வேக மோடம். திரையில் ஒரு வரியை மாற்றி வரைவதே செலவான காரியம் என்பதால், குறைந்த விசைகளில் நிறைந்த பொருள் சொல்லும் கட்டளைகள் தேவைப்பட்டன. அந்தச் சிக்கனத்தை பிராம் மூலெனார் 1991இல் அமிகா கணினிக்காக வெளியிட்ட விம் அப்படியே எடுத்துக்கொண்டு வளர்த்தது. 2014இல் அதிலிருந்து பிரிந்த நியோவிம், அமைப்புகளை லுவா மொழியில் எழுத வழிசெய்தது. இந்த வழிகாட்டியில் விம் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

ஈமாக்ஸும் 1976தான். எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற எடிட்டருக்காகப் பலர் எழுதி வைத்திருந்த மேக்ரோக்களின் (பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டி வைத்தவை) தொகுப்பாக, கை ஸ்டீல், ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோரின் கையில் உருவானது. பின்னர் 1980களின் நடுவில் ஸ்டால்மன் குனு ஈமாக்ஸை எழுதியபோது, சி மொழியில் ஒரு சிறிய உள்ளகத்தை வைத்து, மற்ற எல்லாவற்றையும் லிஸ்ப் மொழியில் அமைத்தார். ஈமாக்ஸின் பலமும் சுமையும் அந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

விஎஸ் கோட் 2015 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில், அதாவது உள்ளே ஓர் உலாவியை வைத்துக்கொண்டு ஓடுகிறது. 2023இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய நிரலர் கணக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் இதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

சப்லைம் டெக்ஸ்ட், ஹீலிக்ஸ், செட் ஆகியவையும் நல்லவை. ஆனால் முதல் முறை ஒப்பிடுபவர் அவற்றைத் தள்ளிவைக்கலாம். இந்த மூன்றையும் அறிந்தவருக்கு மற்றவை எந்த வழியில் வந்தவை என்று ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

படி 2: சோதனைக் கோப்புறை ஒன்றைத் தயார் செய்யுங்கள்

விளையாட்டுக் கோப்புகளை வைத்துச் சோதித்தால் விளையாட்டு விடைதான் கிடைக்கும். நீங்கள் உண்மையில் வேலை செய்யும் ஒரு திட்டத்தை கிட் மூலம் நகலெடுத்து வையுங்கள். அதனுடன் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒரு லாக் கோப்பு (நிரல் ஓடும்போது எழுதும் பதிவுகள்), முழுவதும் ஒரே வரியில் இருக்கும் ஒரு ஜேசன் தரவுக் கோப்பு, ஐந்நூறு வரிகளாவது கொண்ட ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு), தமிழில் எழுதிய ஓர் உரைக்கோப்பு ஆகியவற்றையும் சேருங்கள். எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழையக்கூடிய ஒரு சிறிய சர்வரும் வேண்டும்.

முதல் நாள் எந்தச் செருகுநிரலும் வேண்டாம். விம்முக்கு ‘கிளீன்’ என்ற தெரிவும், ஈமாக்ஸுக்குப் பெரிய எழுத்து ‘கியூ’ தெரிவும், விஎஸ் கோடுக்கு ‘டிசேபிள் எக்ஸ்டென்ஷன்ஸ்’ தெரிவும் உண்டு. அவற்றுடன் தொடங்கினால் பழைய செருகுநிரல்கள் எதுவும் குறுக்கிடாது. அடித்தளம் எது, பிறர் எழுதிச் சேர்த்தது எது என்று பிரித்தறிய இது அவசியம். யாரோ ஒருவரின் ஆயிரம் வரி அமைப்புக் கோப்பை இறக்கிக்கொண்டு ‘நியோவிம் பார்த்தேன்’ என்பவர்கள், அந்த ஒருவரின் பழக்கங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

விம்முடன் ‘விம்டியூட்டர்’ என்ற பாடம் வருகிறது. அரை மணி நேரம் பிடிக்கும். ஈமாக்ஸில் கண்ட்ரோல்-எச் அழுத்திப் பின் டி (t) அழுத்தினால் அதன் பாடம் திறக்கும். இரண்டையும் முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். விஎஸ் கோடுக்குப் பாடம் தேவைப்படாது, அது அதன் பெரிய நற்பண்பு.

படி 3: ஐந்து திருத்தங்களைச் செய்து பாருங்கள்

இதுதான் ஒப்பீட்டின் நடுப்பகுதி. அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் மூன்று எடிட்டர்களிலும் பத்துப் பத்து முறை செய்யுங்கள். எத்தனை விசைகள் அழுத்தினோம் என்று எண்ணுவதில் பயன் இல்லை. கண்ணும் கவனமும் உரையை விட்டு விலகினவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் திருத்தம்: மேற்கோள்குறிகளுக்குள் இருக்கும் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) நீக்கிப் புதிதாக எழுதுவது. விம்மில், விசைகள் எழுத்தாக விழாமல் கட்டளையாக இயங்கும் கட்டளை நிலையில், சி, ஐ, மேற்கோள்குறி ஆகிய மூன்று விசைகள். சி என்றால் நீக்கிவிட்டு எழுத ஆயத்தமாகு. ஐ என்றால் உள்ளே இருப்பது. மூன்றாவது, எதனுள்ளே என்பது. கர்சர் அந்த வரியில் மேற்கோளுக்கு முன்னால் இருந்தாலும் வேலை நடக்கும். இதை மனப்பாடம் செய்த ஒரு குறுக்குவழியாக எண்ணாதீர்கள். சிக்குப் பதிலாக டி (d) வைத்தால் நீக்க மட்டும் செய்யும்; ஒய் வைத்தால் நகலெடுக்கும். மேற்கோளுக்குப் பதிலாக அடைப்புக்குறி வைத்தால் அதற்குள் உள்ளவை அனைத்தும், பி (p) வைத்தால் முழுப் பத்தி. வினையையும் செயப்படுபொருளையும் தனித்தனியே கற்றுக்கொண்டு, நீங்கள் முன்பு சொல்லிப் பாராத ஒரு வாக்கியத்தைச் சொல்கிறீர்கள். விம்முக்கு அது புரிகிறது. பிறகு வேறோர் இடத்துக்குப் போய்ப் புள்ளி விசையை அழுத்தினால், அதே திருத்தம் அங்கேயும் நிகழும். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் புள்ளி எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

விஎஸ் கோடில் ஷிஃப்ட்-ஆல்ட்-வலது அம்பு அழுத்தினால் தெரிவு (தேர்ந்தெடுத்த உரை) படிப்படியாக விரியும்: சொல், சரம், அடைப்புக்குறிக்குள் உள்ளது என்று. ஒவ்வொரு முறையும் சரியான அளவுக்கு விரிந்ததா என்று கண் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இது குறையா என்றால், தொடங்குபவருக்கு அதுவே துணை. ஈமாக்ஸில் கண்ட்ரோல்-ஆல்ட்-கே, கர்சருக்கு அடுத்துள்ள முழுக் கோவையையும் (எக்ஸ்பிரஷன்) நீக்கும். லிஸ்ப் எழுதுபவருக்கு அமிர்தம். மற்ற மொழிகளில் சில சமயம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவோ குறைவாகவோ நீக்கிவிடும்.

இரண்டாவது: ஒரே பெயர் நாற்பது இடங்களில் வருகிறது, அவற்றில் முப்பதை மட்டும் மாற்ற வேண்டும். விஎஸ் கோடில் கண்ட்ரோல்-டி (d) அழுத்த அழுத்த அடுத்த இடம் தெரிவில் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கர்சர் நிற்கும். தட்டச்சு செய்யும்போது எல்லா இடமும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே மாறும். இதை முதன்முதலில் பார்ப்பவர் விம்மை மறந்துவிடுவார், அதில் தவறில்லை. ஈமாக்ஸில் ஆல்ட்-சதவீதக்குறி; ஒவ்வோர் இடமாக நின்று கேட்கும், ஒய் அல்லது என் என்று விடை சொல்லிக்கொண்டே போகலாம். கவனமாகச் செய்ய வேண்டிய திருத்தங்களுக்கு எனக்குப் பிடித்தது இதுவே. விம்மில் சொல்லின் மேல் நட்சத்திரக்குறி அழுத்தித் தேடிவிட்டு, சி, ஜி, என் என்று ஒரு முறை மாற்றி, பிறகு புள்ளி, புள்ளி என்று போகலாம். வேண்டாத இடத்தை என் விசையால் தாண்டலாம்.

மூன்றாவது: லாக் கோப்பில் ‘டீபக்’ என்ற சொல் உள்ள வரிகள் அனைத்தையும் நீக்குவது. விம்மில் கோலன் அழுத்தி, ஜி, சாய்கோடு, சொல், சாய்கோடு, டி (d). ஈமாக்ஸில் ‘ஃபிளஷ் லைன்ஸ்’ என்ற கட்டளை. விஎஸ் கோடில் தேடல் பெட்டியில் ஆல்ட்-என்டர் அழுத்திப் பொருந்திய இடங்கள் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, கண்ட்ரோல்-ஷிஃப்ட்-கே அழுத்த வேண்டும். சிறிய கோப்பில் மூன்றும் சமம். பல்லாயிரம் வரிகள் பொருந்தும்போது பல கர்சர் முறை திணறுவதைப் பார்ப்பீர்கள்.

நான்காவது: சிஎஸ்வியின் ஐந்நூறு வரிகளையும் எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) கட்டளைகளாக மாற்றுவது. முதல் வரியில் செய்யும் திருத்தத்தை மேக்ரோவாகப் பதிந்து மீதியில் ஓட்டுங்கள். விம்மில் கியூ, ஏ அழுத்திப் பதிவைத் தொடங்கி, முடிந்ததும் மீண்டும் கியூ. பிறகு எண்ணிக்கையைச் சொல்லி ஏ-யை ஓட்டலாம். ஈமாக்ஸில் எஃப்3 தொடக்கம், எஃப்4 முடிவு. பதியும்போது நடுவில் இன்னொரு முறை எஃப்3 அழுத்தினால் தானே கூடிக்கொண்டு போகும் ஓர் எண்ணை அந்த இடத்தில் இடும். வரிசை எண் போட வேண்டிய வேலைகளில் இதற்கு இணை இல்லை. விஎஸ் கோடுடன் மேக்ரோ பதிவு வசதி வருவதில்லை. பல கர்சர்கள் பாதி வேலைகளைத் தீர்க்கும். வரிக்கு வரி அமைப்பு மாறினால் கைவிட்டுவிடும். நாள்தோறும் தரவுக் கோப்புகளோடு புழங்குபவர் இந்த ஒன்றை வைத்தே முடிவெடுக்கலாம்.

ஐந்தாவது, நெடுவரிசைத் தெரிவு: விம்மில் கண்ட்ரோல்-வி, ஈமாக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ் பின் இடைவெளி விசை, விஎஸ் கோடில் ஷிஃப்ட்-ஆல்ட் பிடித்து மவுஸை இழுப்பது. மூன்றும் நன்றாகவே செய்கின்றன.

படி 4: வேண்டுமென்றே தவறு செய்யுங்கள்

ஒப்பீடுகளில் பெரும்பாலோர் தாண்டிவிடும் சோதனை இது. ஒரு பத்தி எழுதுங்கள். அதைத் திரும்பப் பெறுங்கள். வேறொரு பத்தி எழுதுங்கள். இப்போது முதல் பத்தி வேண்டும் என்று மனம் மாறுகிறது. அது கிடைக்கிறதா?

விஎஸ் கோடில் கிடைக்காது. புதிதாக எழுதிய நொடியே பழைய கிளை போய்விடும். ஆனால் சேமித்த ஒவ்வொரு நிலையையும் ‘டைம்லைன்’ பகுதியில் வைத்திருக்கும் என்பதால், அடிக்கடி சேமிப்பவர் தப்பிப்பார். விம் திருத்தங்களை மரமாக வைத்திருக்கிறது. ஜி, கழித்தல்குறி அழுத்திக் காலத்தில் பின்னோக்கிப் போனால் எல்லாக் கிளைகளும் வரும். ‘எர்லியர் 10எம்’ என்று கட்டளை கொடுத்தால் பத்து நிமிடத்துக்கு முந்தைய கோப்பு அப்படியே வந்து நிற்கும். ஈமாக்ஸில் திரும்பப் பெறுதலும் ஒரு திருத்தமாகவே வரலாற்றில் பதிவாகிறது. அதையும் திரும்பப் பெறலாம். குழப்பமாகத் தோன்றும், ஆனால் எழுதியது எதுவும் தொலைவதில்லை. ஒரு பகுதியைத் தெரிவுசெய்து அந்தப் பகுதிக்குள் நடந்த திருத்தங்களை மட்டும் பின்வாங்கவும் ஈமாக்ஸில் முடியும்.

அடுத்து, சேமிக்காமல் எழுதிக்கொண்டிருக்கும்போதே எடிட்டரின் செயல்முறையைக் கொன்றுவிடுங்கள். விம் 200 எழுத்துகளுக்கு ஒரு முறை, அல்லது நீங்கள் 4 நொடிகள் கை நிறுத்தினால், ஸ்வாப் கோப்பில் (மீட்டெடுக்க உதவும் தற்காலிகக் கோப்பு) எழுதிவிடும். ஈமாக்ஸ் 300 எழுத்துகளுக்கு ஒரு முறை அல்லது சுமார் 30 நொடி ஓய்வில். விஎஸ் கோட் சேமிக்காத கோப்புகளைத் தனியே வைத்திருந்து அடுத்த முறை திறக்கையில் தானே கொண்டுவந்து வைக்கும். ஒரு முறை இரண்டு மணி நேரம் சர்வரில் அமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய் இணைப்பு அறுந்தது. மறுபடி நுழைந்து அதே கோப்பைத் திறந்ததும் விம் ஸ்வாப் கோப்பு இருப்பதாக எச்சரித்தது, மீட்டெடு என்றேன், கடைசி வாக்கியம் வரை இருந்தது. அந்த எச்சரிக்கையைத் தொல்லை என்று அணைத்து வைத்திருப்பவர்களிடம், தயவுசெய்து திரும்பப் போடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

படி 5: நிரலறிவைச் சோதியுங்கள்

பத்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் படியே போட்டியை முடித்திருக்கும். ஒவ்வோர் எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தானே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட், விஎஸ் கோடுக்காக உருவாக்கிய மொழிச் சர்வர் நெறிமுறையைப் பொதுவில் வைத்தது. மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையைத் தனி நிரலொன்று செய்யும். எடிட்டர் அதனிடம் ‘இந்தச் செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது?’ என்று கேட்டால் போதும். அதே சர்வர் எல்லா எடிட்டருக்கும் விடை சொல்லும். நியோவிம் 2021இல் வந்த 0.5 பதிப்பில் இதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஈமாக்ஸ் 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் எக்லாட் என்ற பெயரில் சேர்த்தது. விம்முக்குச் செருகுநிரல் வேண்டும்.

எனவே இரண்டாம் நாள் செருகுநிரல்களை அனுமதித்து மூன்று காரியங்களைப் பாருங்கள்: வரையறைக்குத் தாவுதல், பல கோப்புகளில் பெயர் மாற்றுதல், பிழைகளைக் காட்டுதல். விடைகள் ஒன்றாகவே இருக்கும், ஏனெனில் விடை சொல்வது ஒரே சர்வர். அந்த நிலையை அடைய எத்தனை நிமிடம் ஆனது என்பதில்தான் வித்தியாசம். விஎஸ் கோடில் கோப்பைத் திறந்ததும் அதுவே நீட்டிப்பை (அங்கே செருகுநிரலுக்கு அந்தப் பெயர்) பரிந்துரைக்கும், நீங்கள் ஒப்புக்கொண்டால் நிறுவிவிடும். மற்ற இரண்டிலும் சர்வரை நீங்களே நிறுவ வேண்டியிருக்கும், முதல் முறை ஒரு மாலைப்பொழுது போகலாம்.

பிழைநீக்கியில் விஎஸ் கோட் தெளிவாக முன்னால் நிற்கிறது. நிறுத்தப்புள்ளி வைத்து, மாறிகளின் மதிப்பைப் பார்த்து, வரி வரியாக நடந்து போவதற்கு அது தரும் வசதியை மற்றவற்றில் கட்டியெழுப்ப உழைக்க வேண்டும். விம்முடன் ‘டெர்ம்டீபக்’கும் ஈமாக்ஸுடன் ‘கட்’டும் வருகின்றன, சி மொழிக்காரர்களுக்குப் போதும்.

படி 6: பெரிய கோப்பு

அந்த 100 எம்பி லாக்கைத் திறங்கள். ஈமாக்ஸ் 10 எம்பிக்கு மேல் போனாலே ஒரு முறை கேட்டுவிட்டுத் திறக்கும். விஎஸ் கோட் பெரிய கோப்புகளுக்கு வண்ணமிடுதல் போன்றவற்றைத் தானே நிறுத்திக்கொள்ளும். விம் திறந்துவிடும், வண்ணமிடுதலை அணைத்தால் இன்னும் இலகுவாக நகரும். ஒரே வரி ஜேசன் கோப்பு பழைய ஈமாக்ஸ் பதிப்புகளை உறைய வைத்துவிடும். 29ஆம் பதிப்பிலிருந்து நிலைமை தேறியிருக்கிறது. எனவே பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

படி 7: தொலைவில் உள்ள கணினி

எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போய் விஐ என்று தட்டுங்கள். ஏதோ ஒன்று திறக்கும். விஐ, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையிலேயே இடம்பெற்ற எடிட்டர். ரௌட்டர் போன்ற சிறு கருவிகளில் ஓடும் பிசிபாக்ஸிலும் அதன் சிறு வடிவம் உண்டு. நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் நிறுவ நேரமிருக்காது. ஆகவே எந்த எடிட்டரைத் தேர்ந்தாலும், விஐயில் திறக்க, திருத்த, சேமிக்க, வெளியேறத் தெரிந்திருப்பது தொழிலின் அடிப்படை. வெளியேற: எஸ்கேப், கோலன், டபிள்யூ, கியூ, என்டர். சேமிக்காமல் வெளியேற டபிள்யூவை விட்டுவிட்டு, கியூவுக்குப் பின் வியப்புக்குறி.

விஎஸ் கோடின் தொலைவழி நீட்டிப்பு வேறு வகை. அது தொலைவில் உள்ள கணினியில் தன் சர்வர் பகுதியை நிறுவி, திரையை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்கிறது. வேலை செய்யும்போது அருமை; உங்கள் கணினியிலேயே கோப்பு இருப்பது போல் இருக்கும். ஆனால் நினைவகம் குறைந்த சர்வரையோ பழைய லினக்ஸ் பதிப்பையோ சந்தித்தால் நிறுவலே நடக்காமல் போகலாம். ஈமாக்ஸின் தொலைவழி வசதியான டிராம்ப் அங்கே எதையும் நிறுவுவதில்லை. கோப்பின் பெயரிலேயே கணினியின் பெயரையும் சேர்த்துத் திறக்கலாம். இணைப்பு மெதுவானால் அதுவும் மெதுவாகும்.

படி 8: தமிழ்க் கோப்பைத் திறங்கள்

நம்மில் பலர் மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் தமிழ்த் தரவுகளையும் கையாள்கிறோம். ஒப்பீட்டு அட்டவணைகளில் இந்தக் கட்டமே இருக்காது.

காட்சியில் விஎஸ் கோட் முதலிடம், ஏனெனில் உலாவியின் எழுத்துருப் பொறியே உள்ளே இருக்கிறது. ஈமாக்ஸ் 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருப் பொறியைப் பயன்படுத்துகிறது. தனிச் சாளரத்தில் ஓடும்போது தமிழ் ஒழுங்காக வரும். டெர்மினலுக்குள் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) ஓடும் விம்மிலோ எல்லாம் டெர்மினலைப் பொறுத்தது. அது ஒவ்வோர் எழுத்தையும் சம அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கும். நம் எழுத்துகள் அப்படி அடங்காது. கர்சர் ஓரிடத்தில் தெரியும், திருத்தம் வேறோரிடத்தில் நடக்கும். உங்கள் டெர்மினலில் ‘நெடுஞ்சாலைப் போக்குவரத்து’ என்று எழுதி நடுவில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள்.

தட்டச்சில் முடிவு தலைகீழாகிறது. விம்மில் கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினால், கட்டளை நிலையில் டி (d) விசையும் தமிழ் எழுத்தாகிவிடும். ஒரு கட்டளையும் ஓடாது. இதற்குத் தீர்வு, கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, விம்மின் ‘கீமேப்’ வசதியைப் பயன்படுத்துவது. எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரிசையாக எழுதிய எளிய கோப்புதான் அது. உங்கள் தட்டச்சு முறைக்கு நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஈமாக்ஸ் இந்த வகையில் எல்லோரையும் வென்றுவிடுகிறது. கண்ட்ரோல்-பின்சாய்கோடு அழுத்தினால் அதன் சொந்தத் தமிழ் உள்ளீட்டு முறை இயங்கும். இன்ஸ்கிரிப்ட், ஐடிரான்ஸ், புதிய பதிப்புகளில் தமிழ்99 ஆகியவை உடன் வருகின்றன. கணினியில் எதையும் மாற்ற வேண்டாம், கட்டளைகளும் கெடுவதில்லை.

இன்னொன்று: ‘கொ’ என்ற எழுத்தை க, ொ என்று சேமிக்கலாம், க, ெ, ா என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் ஒன்றைத் தேடினால் சாதாரணத் தேடலில் மற்றது அகப்படாது. விம்மில் ஜி, ஏ அழுத்தினால் கர்சரின் கீழே உண்மையில் எந்தக் குறியீடுகள் உள்ளன என்று காட்டும். ஈமாக்ஸில் கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி. பழைய வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டிய உரையில் ஒளிந்திருக்கும் வெற்று எழுத்துகளை விஎஸ் கோட் பெட்டியிட்டுக் காட்டிவிடும்.

படி 9: எடிட்டரையே மாற்றிப் பாருங்கள்

ஈமாக்ஸில் கண்ட்ரோல்-எச், கே அழுத்திவிட்டு எந்த விசையையாவது தட்டுங்கள். அந்த விசை எந்தச் செயற்கூறை அழைக்கிறது என்று விளக்கம் வரும். அதன் மூலநிரலும் ஒரு சொடுக்கில் திறக்கும். அந்த மூலநிரலை மாற்றி, கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஈ அழுத்துங்கள். ஈமாக்ஸை மூடித் திறக்க வேண்டியதில்லை. அந்தக் கணத்திலிருந்து விசை புதிய விதத்தில் நடந்துகொள்கிறது. முதல் முறை இதைச் செய்தபோது, பூட்டியிருந்த வீடு என்று நினைத்ததன் எல்லாக் கதவுகளும் திறந்தே இருந்தது போல் உணர்ந்தேன். குறிப்பெடுக்கும் ஆர்க் நிலையும் கிட்டைக் கையாளும் மேகிட்டும் இந்தத் திறந்த தன்மையில் வளர்ந்தவை. மேகிட்டுக்காகவே ஈமாக்ஸில் தங்கிவிட்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது மிகையில்லை.

நியோவிம்மில் லுவா எழுதி ஏறக்குறைய இந்தச் சுதந்திரத்தைப் பெறலாம். விஎஸ் கோடில் அமைப்புகள் ஒரு ஜேசன் கோப்பு. அதற்கு மேல் வேண்டுமானால் முழு நீட்டிப்பாகவே எழுத வேண்டும். பெரும்பாலானோருக்கு அந்தத் தேவை வராது. உங்களுக்கு வருமா என்று இந்த ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

படி 10: யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள்

எடிட்டரில் செலவிடும் பழக்கம் பல ஆண்டு முதலீடு. கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் எடிட்டரைப் பலர் விரும்பிப் பழகினார்கள். 2022 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. விம்மை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேணிய மூலெனார் 2023 ஆகஸ்டில் மறைந்தார். உகாண்டாவின் கிபாலே குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோளைத் தன் மென்பொருளின் முகப்பிலேயே வைத்தவர் அவர். பங்களிப்பாளர்கள் வேலையைக் கையிலெடுத்துக்கொள்ள, 2024 தொடக்கத்தில் 9.1 பதிப்பு அவர் நினைவுக்கு அர்ப்பணமாக வெளிவந்தது.

விஎஸ் கோடின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. ஆனால் நாம் இறக்கிக்கொள்ளும் ஆயத்த மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்டின் தனி உரிமம். பைத்தானுக்கான பைலான்ஸ் போன்ற சில நீட்டிப்புகளை அவர்களின் தயாரிப்புகளில் மட்டுமே பயன்படுத்த அனுமதி. திறந்த மூலத்திலிருந்து மட்டும் கட்டிய விஎஸ்கோடியம் வேண்டுவோர் இந்த எல்லையை முன்பே அறிந்துகொள்ளுங்கள். விஎஸ் கோட்டே வைத்துக்கொள்வதானால், அமைப்புகளில் டெலிமெட்ரி (பயன்பாட்டுத் தகவலை நிறுவனத்துக்கு அனுப்புதல்) நிலையை எது வரை அனுமதிப்பது என்று முதல் நாளே முடிவுசெய்யுங்கள்.

படி 11: வாரம் ஒன்றாக வாழ்ந்து பாருங்கள்

ஒவ்வோர் எடிட்டரிலும் ஐந்து வேலைநாட்கள், உண்மையான வேலை. நெருக்கடியான வாரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விம் வாரத்தின் முதல் இரண்டு நாள் கை தடுமாறும், மூன்றாம் நாள் மாலையில்தான் தீர்ப்பு எழுதத் தொடங்க வேண்டும். ஈமாக்ஸுக்கு ஒரு வாரம் போதாது, முடிந்தால் இரண்டு கொடுங்கள்.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் புதியவர், அதிலும் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் எழுதுபவர் விஎஸ் கோடில் தொடங்கட்டும். அதற்குள்ளேயே விம் விசைகளைத் தரும் நீட்டிப்பைப் போட்டுக்கொண்டால் திருத்தும் மொழியும் கைவரும். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் விம்மை ஆழமாகக் கற்க வேண்டும். குறிப்பு, திட்டம், நிரல், அஞ்சல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க விரும்புபவருக்கும், கருவியைத் தன் கைக்கேற்ப வடிக்கும் ஆசை உள்ளவருக்கும் ஈமாக்ஸ். ஈவில் என்ற செருகுநிரல் அங்கேயும் விம் மொழியைக் கொண்டுவரும். தமிழில் நிறைய எழுதுபவருக்கும் என் பரிந்துரை ஈமாக்ஸ்தான்.

தேர்ந்தெடுத்தபின் கிட்டுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். ‘கோர் எடிட்டர்’ என்ற கிட் அமைப்பில் எடிட்டரின் பெயரை எழுத வேண்டும். விஎஸ் கோட் என்றால் கூடவே ‘வெயிட்’ தெரிவையும் சேருங்கள். சேர்க்காவிட்டால், நீங்கள் கமிட் செய்தியை (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) எழுதத் தொடங்கும் முன்பே எடிட்டர் வேலையை முடித்துவிட்டதாக கிட் எடுத்துக்கொண்டு, செய்தி வெறுமையாக இருக்கிறது என்று கமிட்டைக் கைவிட்டுவிடும்.